நரபலி கேட்கும் சாமியை எழுதினால் வழக்கு வருமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது.

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அவர், புனைபெயரில் ஒரு வாசிப்புச் செயலியில் திகில் தொடர் எழுதி முடித்திருக்கிறார். மழை பொய்த்த சிற்றூர் ஒன்றில், கண்மாய் மடைக்கு அடியில் உறங்கும், பெயர் சொல்லக் கூடாத பழந்தெய்வம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விழித்துத் தலைச்சன் பிள்ளையைக் கேட்கிறது. கொடுத்தால் கண்மாய் நிறைகிறது. மறுத்தால் ஊரில் கருக்கள் கலைகின்றன. வழிவழியாகப் பலி கொடுத்துவரும் கோடாங்கிக் குடும்பத்தின் கடைசிப் பெண், தன் பிள்ளையின் முறை வரும்போது என்ன செய்கிறாள் என்பதே கதை. தொடருக்கு நல்ல வரவேற்பு. சென்னைப் பதிப்பகம் ஒன்று நூலாக்குவதற்கு ஒப்பந்தமும் அனுப்பிவிட்டது.

கதைக்கு அவர் எடுத்துக்கொண்டது தம் தாயார் பிறந்த ஊர். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவர் தொடரைப் படித்துவிட்டு, "எங்கள் குலசாமியைப் பிள்ளை தின்னும் பேயாக்கிவிட்டாள்" என்று நாலு பேரிடம் சொல்ல, விஷயம் காவல் நிலையத்தில் மனுவாகிவிட்டது. "நேரில் வந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது" என்று நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். செயலி நிறுவனமும் காரணம் சொல்லாமல் நான்கு அத்தியாயங்களை நீக்கிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்படி கணவர் வீட்டார் சொல்கிறார்கள். தம்மைக் கைது செய்வார்களா, "யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டது போதாதா, ஆடு வெட்டுவதே தடைசெய்யப்பட்ட மாநிலத்தில் நரபலியை விரிவாக வர்ணித்ததே குற்றமாகுமா, மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா, ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா என்பவை அவருடைய கேள்விகள். சில அத்தியாயங்களையும் ஒப்பந்த நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அனுப்பிய அத்தியாயங்கள் அனைத்தையும் படித்தேன். கோடாங்கி கழுத்தளவு சேற்றில் நின்று, உடுக்கையை நீருக்கடியில் அடித்தபடி, பிள்ளையின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லிக்கொண்டு வரும் பகுதியைப் பகலில் படிப்பதே நல்லது. கதை பயமுறுத்துகிறது, பயமுறுத்துவது எந்தச் சட்டத்தின் கீழும் குற்றமில்லை. உங்கள் கடிதம் முழுவதும் அந்தச் சாமியைப் பற்றிய கவலையே நிறைந்திருக்கிறது. எனக்கோ சாமியைப் பற்றி அவ்வளவாகக் கவலையில்லை. அந்தச் சாமிக்குப் பூசை செய்பவர்களை நீங்கள் யார் என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதற்கு வருமுன், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பிரிவைப் பார்த்துவிடுவோம்.

சாமியின் பெயரால் வரக்கூடிய வழக்கு

மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் தண்டனை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்கது, ஜாமீனில் விடத்தகாதது என்ற வகையில் சேர்ந்தது என்பதால், பெயரைக் கேட்டதுமே எவருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் யாரோ புண்பட்டார் என்பது மட்டும் இந்தக் குற்றத்துக்குப் போதாது. ஒரு பிரிவினரின் மத உணர்வைச் சீண்டியே தீர வேண்டும் என்று திட்டமிட்ட, வன்மமான நோக்கத்துடன் அவர்களுடைய மதத்தையோ நம்பிக்கையையோ இழிவுபடுத்தியிருக்க வேண்டும். 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தப் பிரிவைச் செல்லும் என்று உறுதிசெய்தபோதே, இழிவுபடுத்தலின் கடுமையான வடிவத்தை மட்டுமே இது தண்டிக்கிறது என்று எல்லை கட்டிவிட்டது. மகேந்திர சிங் தோனியை விஷ்ணுவாகச் சித்திரித்த ஒரு பத்திரிகை அட்டைக்காக அவர்மீது போடப்பட்ட வழக்கை 2017-இல் ரத்து செய்தபோது, அறியாமலும் கவனக்குறைவாலும் நேரும் அவமதிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது என்று அதே நீதிமன்றம் மீண்டும் தெளிவாக்கியது.

உங்கள் கதையில் வன்மம் இல்லை. அந்தப் பெண்ணின் பயத்தைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய சாமியையும் ஏளனம் செய்யவில்லை. குரூரமான பலியும் கொடுந்தெய்வமும் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவையும் அல்ல. வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து காவற்பூதத்தின் பலிபீடிகையில் வைப்பதைச் சிலப்பதிகாரம் இந்திர விழாவின் நடுவே சொல்கிறது. கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலும் பேய்கள் அடும் கூழும் நீங்கள் எழுதியதைவிடப் பல மடங்கு கொடூரமானவை. தன் தலையைத் தானே அரியும் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. வழக்கு என்று வந்தால் இவற்றையெல்லாம் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம். எந்த மரபில் நின்று எழுதினீர்கள் என்பதும் நோக்கத்தை முடிவுசெய்யும் ஆதாரமே.

இருந்தாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. "அது மரத்தடியில் இருக்கும் சாமிதான், அறநிலையத் துறைக் கணக்கில்கூட இல்லை, அதற்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. 1953-இல் பெரியார் திருச்சியில் களிமண் பிள்ளையாரை உடைத்தது தொடர்பான வழக்கில், கோயிலில் முறைப்படி நிறுவப்பட்ட சிலையை மட்டுமே சட்டம் புனிதப் பொருளாகக் கருதும் என்ற கீழமை நீதிமன்றங்களின் குறுகிய பொருளை உச்ச நீதிமன்றம் 1958-இல் ஏற்கவில்லை. எவ்வளவு எளிய பொருளானாலும், ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கருதினால் அது புனிதப் பொருளே என்றது. அந்தத் தீர்ப்பு வழிபாட்டுப் பொருளைச் சேதப்படுத்துவது குறித்த வேறொரு பிரிவைப் பற்றியது என்றாலும், மரத்தடிச் சாமிக்கும் ராஜகோபுரச் சாமிக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசமில்லை என்பது அதிலிருந்து தெளிவு.

இனி கைது. மூன்று ஆண்டு தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்பதால், 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்புப்படி, கைது ஏன் தேவை என்பதற்குக் காவல்துறை காரணம் எழுதியாக வேண்டும்; வழக்கமாக, புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி விசாரிக்க வேண்டும். பேச்சும் எழுத்தும் சார்ந்த இத்தகைய புகார்களில், முதல் தகவல் அறிக்கை பதியும் முன், 173(3) பிரிவின்படி டி.எஸ்.பி.யின் அனுமதியுடன் பதினான்கு நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொட்டாற்சிணுங்கியின் அளவுகோலை வைத்து எழுத்தை அளக்கக் கூடாது, திடமான மனம் உள்ளவரின் அளவுகோலே வேண்டும் என்றும் அதே தீர்ப்பு நினைவூட்டியது. எல்லாம் தாண்டி வழக்கு பதிவானாலும், மாநில அரசோ மத்திய அரசோ முன்அனுமதி தராமல் 299-இன் கீழ் நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்க முடியாது. காவல் நிலையங்கள் எப்போதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்து நடப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆகவே ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவு என்பேன்.

ஆட்டுப்பலி பற்றிய உங்கள் தகவல் பழையது. 1950-இன் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் நெடுங்காலம் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்தது. கிராமங்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. நரபலி கொலை, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் நரபலி, மாந்திரீகம் போன்றவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டங்கள் இயற்றின. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் எந்த மாநிலத்திலும் கொலையைச் செய்வதுதான் குற்றம். கதையில் ஒரு கொலையை விவரிப்பது குற்றமென்றால் மகாபாரதத்தையே அச்சிட முடியாது.

கோடாங்கிக்கு நீங்கள் கொடுத்த சாதி

என்னை உறுத்துகிறது என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். மூன்றாம் அத்தியாயத்தில் கோடாங்கிக் குடும்பத்தின் சாதியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அது பட்டியலினத்தைச் சேர்ந்த, எளிதில் அடையாளம் காணக்கூடிய சமூகம் என்பதால் அந்தப் பெயரை இங்கே அச்சிடவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கிழவர், "பிள்ளை ரத்தம் குடித்த கை, அவன் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே" என்கிறார். நீங்கள் பட்டியலினத்தவர் அல்லர் என்பதையும் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். "அந்த ஊரில் உண்மையிலேயே அவர்கள்தான் கோடாங்கி அடிப்பார்கள், உள்ளதைத்தானே எழுதினேன்" என்பது உங்கள் விளக்கம். கோடாங்கி அடிப்பது உள்ளது. பிள்ளையைக் கொல்வது நீங்கள் சேர்த்தது. இரண்டையும் ஒரே பெயரின்மேல் ஏற்றிவைத்ததில்தான் சிக்கல்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(1)(யு) உட்பிரிவு, பேச்சாலோ எழுத்தாலோ அந்த மக்கள்மீது பகையையும் வெறுப்பையும் வளர்ப்பதையும் வளர்க்க முயல்வதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 299-இல் உங்களுக்கு அரணாக இருக்கும் அரசின் முன்அனுமதி இங்கே தேவையில்லை. 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணையும் அவசியமில்லை. முன்ஜாமீனுக்கும் தடை உண்டு. முதல் பார்வையிலேயே குற்றம் தென்படாத வழக்குகளில் மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விளக்கியது. 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில், இந்த உட்பிரிவு தனிமனிதர் ஒருவரைத் தாக்கும் பேச்சுக்கு வராது, அந்த மக்கள் ஒரு குழுவாகக் குறிவைக்கப்பட்டால்தான் வரும் என்றும் சொன்னது. அந்த விளக்கம் பலருக்கு உதவும், உங்களுக்கு உதவாது. உங்கள் கதையில் பலி தருவது ஒரு கொடியவன் அல்லன், தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம்.

கதையை முழுதாகப் படிக்கும் நீதிபதி வேறுவிதமாகவும் பார்க்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில்தான், பிள்ளையைக் கேட்டது மடைக்கடியில் இருந்த தெய்வம் மட்டுமல்ல, பாசனத்தைக் கையில் வைத்திருந்த பெரிய வீடும்தான் என்பது வெளிப்படுகிறது. கோடாங்கிகள் பரம்பரை பரம்பரையாக மிரட்டலுக்குப் பணிந்தவர்கள் என்று தெரிகிறது. நல்ல திருப்பம். ஆனால் தொடர்கதையை யாரும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுவதில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தின் அந்த ஒரு பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால், முப்பத்தெட்டாம் அத்தியாயம் அதோடு போகாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "நரபலி கொடுக்கும் கூட்டம்" என்ற பழி நம் நாட்டில் வெறும் கதையாக இருந்ததில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மலைப்பகுதியில் கோந்த் பழங்குடி மக்களின் மெரியா எனும் நரபலியை ஒடுக்குவதாகச் சொல்லி 1845-இல் ஆங்கிலேயர் தனி நிர்வாகப் பிரிவையே அமைத்தனர். பலியிலிருந்து பலர் மீட்கப்பட்டனர் என்பது உண்மை. அதே மலைகளில் படைகள் கிராமங்களைக் கொளுத்தியதும் உண்மை. பிறப்பாலேயே ஒரு கூட்டம் குற்றக் கூட்டம் என்று 1871-இல் வட இந்தியப் பகுதிகளில் சட்டம் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. இன்றும் ஏதாவது ஊரில் குழந்தை காணாமல் போனால், முதலில் சந்தேகப்படப்படுபவர் கோடாங்கியாகவோ குடுகுடுப்பைக்காரராகவோ இருக்கிறார். அந்தச் சாதிப் பெயரைக் கதையிலிருந்து எடுத்துவிடும்படி நான் சொல்வதற்கு வழக்கு மட்டும் காரணமில்லை.

எடுத்தால் கதை கெடுமா என்றால், கெடாது என்பது என் வாசகக் கருத்து. மடைக் குடும்பத்துக்கு நீங்களே ஒரு வகையறாப் பெயரைக் கற்பனையாகச் சூட்டலாம். தெய்வத்தையே கற்பனையாகப் படைத்தவருக்கு அதன் பூசாரிகளைப் படைப்பது கடினமல்ல. கிழவரின் வசனத்தில் தெருவையும் தண்ணீரையும் நீக்கிவிட்டு ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டாலே பயம் குறையாது.

ஊர்ப் பெயரிலும் இதே முறைதான். ஓர் எழுத்தை மாற்றியது மாற்றியதாகாது. உள்ளூர்க்காரருக்கு அது எழுத்துப்பிழையாகத்தான் தெரியும். அதோடு, இடது காலில் இரும்புச் சங்கிலி, வெள்ளிக் கண்மலர், வடக்கே சாய்ந்த வேல், பின்னால் இரட்டைப் பனை என்று அந்தக் கோயிலையே படம் பிடித்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த மக்களுக்கு அது துடியான சாமி. காவல் காக்கிற, பொய்ச் சத்தியத்தைத் தண்டிக்கிற சாமி. அதே சங்கிலி, அதே கண்மலரோடு அது பிள்ளை தின்பதைப் படித்தால் மனம் நோகாதா? ஊரின் பெயரை அடியோடு மாற்றுங்கள். சங்கிலியும் பனையும் போகட்டும். மடையும் சேறும் உங்கள் கற்பனை, அவை இருக்கட்டும். "யாவும் கற்பனையே" என்ற வரியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நோக்கத்துக்கு ஒரு சிறு சான்று மட்டுமே. உள்ளே சொந்த ஊரின் வரைபடம் இருந்தால் முதல் பக்கத்து வரி அதை மறைக்காது.

உண்மைக் கொலையிலிருந்து எடுத்தவை

2022 அக்டோபரில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் வெளிவந்த நரபலி வழக்கின் விவரங்களை உங்கள் கடைசிப் பகுதியில் அடையாளம் காண முடிந்தது. செய்தியாக வெளிவந்தது பொதுச்சொத்து என்று நினைத்திருக்கிறீர்கள். நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவிலிருந்து எழுத உரிமை உண்டு என்பது 1994-இல் ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான ராஜகோபால் வழக்கில் முடிவான விஷயம். பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு உள்ளான பெண்களின் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதிவிலக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பத்தனம்திட்டாவில் கொல்லப்பட்ட இரு பெண்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்; அவர் குடும்பம் நம்மிடையேதான் வாழ்கிறது. உங்கள் கதையில் லாட்டரிச் சீட்டு விற்கும் அந்தப் பாத்திரத்தின் தொழிலையும் வயதையும் மாற்றிவிடுங்கள். கதைக்கு அவை தேவையும் இல்லை.

கடலடியில் உறங்கும் தெய்வத்தை அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டிடமிருந்து திருடிவிட்டதாக ஒரு வாசகர் பழித்தது பற்றிக் கவலை வேண்டாம். அவர் 1937-இல் இறந்தார். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. உறங்கும் தெய்வம் என்ற எண்ணத்துக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாடவும் முடியாது; எண்ணத்துக்கு உரிமையில்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்பது 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்குப் பின் வந்தவர்களும் விளையாட்டு நிறுவனங்களும் சேர்த்த தெய்வப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மன்னிப்புக் கடிதம்

இதில் அவசரமே வேண்டாம். தொலைபேசியில் கூப்பிட்டதற்காக நீங்கள் காவல் நிலையம் செல்ல வேண்டியதில்லை. சாட்சி என்ற முறையில் விசாரிப்பதற்கு ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் 35(3) அறிவிப்பு எழுத்தில் வந்தால் கதை வேறு. அப்போது வழக்கறிஞருடன் குறித்த தேதியில் போக வேண்டும், தவிர்க்கக் கூடாது. மனு ரசீதின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மனுவின் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள்.

பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" நாவலுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் அவரிடம் எழுதி வாங்கப்பட்ட உடன்படிக்கையின் பின்விளைவாகத்தான், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்படிக்கைக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தது. எழுத்தாளர் மீண்டும் உயிர்பெற்று எழுதட்டும் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பை முடித்தது. அதற்கும் முன்பே, 1989-இல், "ஒரே ஒரு கிராமத்திலே" திரைப்படத்தைத் தடுக்க முயன்ற வழக்கில், போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே நிலையத்தில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எழுதித் தரும் கடிதத்தால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்காது. "கடவுளை இழிவுபடுத்தியதற்கு மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டால், இல்லாத நோக்கத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகக்கூட நாளை காட்டப்படலாம்.

மன்னிப்பு வேறு, வருத்தம் வேறு. ஊர்ப் பெயரையும் கோயில் அடையாளங்களையும் நூலில் மாற்றுவதாக நீங்களாகவே முடிவெடுத்து, உங்கள் வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் அனுப்புவதை நான் ஆதரிக்கிறேன். எந்த மதத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தும் எண்ணம் இருந்ததில்லை என்றும், ஒற்றுமைகளால் மனம் வருந்தியிருந்தால் அதற்கு வருந்துவதாகவும் அதில் எழுதினால் போதும். உங்கள் தாய்மாமன் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். கடிதத்தோடு அவரும் போய்ப் பூசாரி வீட்டில் நேரில் பேசிவிட்டு வந்தால், பல சட்டப் பிரிவுகள் செய்ய முடியாததை அது செய்யக்கூடும்.

கணவர் வீட்டார் சொல்வதுபோல் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். மனு நிலுவையில் இருக்கும்போது அழிப்பது, எதையோ மறைத்ததாகத் தோன்றும். சாட்சியத்தை அழித்தல் என்ற புதுச் சிக்கலும் சேரலாம். தொடரைச் செயலியில் யார் பார்வைக்கும் வராதபடி மறைத்துவைத்தால் போதும். பழைய வரைவுகள், குறிப்பேடுகள், வாசகர் கருத்துகள், முப்பத்தெட்டாம் அத்தியாயத்தின் முதல் வரைவு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உங்கள் நோக்கம் தொடக்கத்திலிருந்தே என்னவாக இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. செயலி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் குறித்த காலத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அவர்களுடைய சொந்த விதிமுறையின்படி நீக்கியிருந்தால் அத்தியாயங்கள் திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை. காரணமாவது எழுத்தில் கிடைக்கும்.

பதிப்பக ஒப்பந்தம்

ஏழாம் பிரிவு எனக்குப் பிடிக்கவில்லை. "நூலால் எழும் அனைத்து வழக்குகளின் செலவையும் இழப்பீட்டையும் ஆசிரியரே ஏற்பார்; பதிப்பகம் தன் விருப்பப்படி நூலைத் திரும்பப் பெறலாம்; அவ்வாறு பெற்றால் அச்சுச் செலவு ஆசிரியரைச் சாரும்" என்கிறது. கதை உங்கள் சொந்தப் படைப்பு, யாரிடமிருந்தும் நகலெடுத்ததல்ல என்ற உறுதிமொழிக்கு நீங்கள் பொறுப்பேற்பது நியாயம். அதைத் தாண்டி, கையெழுத்துப் படியைப் படித்துப் பார்த்து லாபம் கருதி அச்சிடுபவர், யாரோ கொடி பிடித்ததற்கான செலவையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல. உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பாக, நூலிலிருந்து நீங்கள் பெறும் ராயல்டித் தொகையை எழுதச் சொல்லுங்கள். அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் நூலைக் காட்டும் செலவு பதிப்பகத்தினுடையதாக இருக்கட்டும். நூலைத் திரும்பப் பெற்றால், அத்தனை உரிமையும் அன்றே உங்களிடம் திரும்பி வர வேண்டும். உரிமைக்கான கால அளவு ஒப்பந்தத்தில் வெறுமையாக இருக்கிறது. குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்றாகும், அது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் பத்தாம் பிரிவில் திரைப்பட உரிமையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய கதைகளுக்குத் திரையில் கிராக்கி இருக்கும்போது அதை இலவச இணைப்பாகக் கொடுக்காதீர்கள்.

திருத்திய படியை முடித்து, ஏழாம், பத்தாம் பிரிவுகள் மாறி வந்த பிறகு கையெழுத்திடலாம். அட்டைப்படத்துக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். 299-ஆம் பிரிவு எழுத்தை மட்டுமல்லாமல் கண்ணால் காணும் சித்திரிப்பையும் சொல்கிறது. உள்ளே அத்தனையும் மாற்றிய பிறகு, வடிவமைப்பாளர் இணையத்தில் தேடி அந்தச் சங்கிலிச் சாமியின் புகைப்படத்தையே அட்டையில் போட்டுவிட்டால், மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.